மிதுலாவின் கண்ணும் கிர்ஸ்டன் வீட்டுப் பேர்ச் மரமும்

அனுப்புபவர்:
திருமதி யோகமலர் கஜரூபன்,
பியர்க்கவெய் 14,
நோரலுண்ட், யூலாந்து.

பெறுபவர்:
பிரிவுத் தலைவர் அவர்கள்,
சிறுவர் பராமரிப்புப் பிரிவு,
நோரலுண்ட் கொம்யூன்.

விடயம்: எனது மகள் மிதுலாவின் கண்கள் சிவந்திருப்பதற்குக் காரணம் எமது நாட்டுப் போர் அன்று, பராமரிப்பு வீட்டுத் தோட்டத்திலுள்ள பேர்ச் மரமே என்பதும், அவளை வேறிடத்துக்கு மாற்றும் யோசனையைக் கைவிட வேண்டுவதும்.

கனம் ஐயா,

வணக்கம். இம்மனுவைத் தமிழில் எழுதுவதற்கு முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறேன். எனக்கு டெனிஸ் மொழி தெரியாமல் இல்லை. இவ்வூர் முதியோர் இல்லத்தில் ஏழு வருடங்களாக அந்த மொழியில்தான் வயோதிபர்களைக் குளிக்க வார்க்கிறேன், உடுப்பு மாற்றுகிறேன், அவர்கள் விடும் பகிடிகளுக்குச் சிரிக்கிறேன். ஆனால் அந்த மொழியில் எனக்கு மரியாதையாகக் கோபப்படத் தெரியாது. கோபப்பட்டால் மரியாதை போய்விடுகிறது. மரியாதையைப் பிடித்து வைத்தால் கோபம் போய்விடுகிறது. தமிழில் இரண்டையும் ஒரே பானையில் போட்டுச் சமைக்கலாம். தாய்மொழியில் எழுதினால் மொழிபெயர்ப்பித்துக்கொள்வோம் என்று தங்கள் அலுவலர் அம்மையார் சொன்னதை நம்பி எழுதுகிறேன்.

இதை மொழிபெயர்க்கப்போகிறவர் அநேகமாகத் திரு. மகேந்திரராசா அவர்களாகவே இருப்பார். இந்த நகரசபைக் கொம்யூனில் அதற்கு வேறு ஆள் இல்லை. தங்கமான மனிதர். ஆனால் நான் பத்து வசனம் சொன்னால் அவர் டெனிஸில் ஒரு வசனத்தோடு முடித்துவிட்டுக் கோப்பிக் கோப்பையைக் கையில் எடுத்துவிடுவார். மகேந்திரராசா அண்ணை, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், இந்த முறை ஒண்டையும் சுருக்காதேங்கோ. இந்த வரியையும் சேர்த்து மொழிபெயர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. எனது கணவர் கஜரூபன் காற்றாலைகளுக்கு இறகு செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். நாங்கள் மட்டக்களப்பைச் சேர்ந்தவர்கள். எமக்கு ஒரே பிள்ளை, மிதுலா. இரண்டு வயது முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. அவள் பேசிய முதற் சொல் அம்மாவும் அல்ல, அப்பாவும் அல்ல, "நைய்" என்பதே. மாட்டேன் என்ற பொருளில் இந்நாட்டவர் சொல்லும் அந்தச் சொல்லை அவள் யாரிடம் கற்றாள் என்றால், கிர்ஸ்டன் அம்மையாரிடம். தமது வீட்டிலேயே நாலு பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்ப்பதற்குக் கொம்யூன் நியமித்திருக்கும் பராமரிப்புத் தாயார் அவர். மிதுலா அவரைக் "கிசி" என்று கூப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் சப்பாத்தை எடுத்துக்கொண்டு வந்து "கிசி, கிசி" என்று கதவில் நிற்பாள். அந்தக் கிசியிடமிருந்து என் பிள்ளையைப் பிரிக்க வேண்டாம் என்பதே இந்த மனுவில் நான் கேட்பது. மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்.

2. இந்நாட்டுப் பிள்ளைகள் மத்தியான நித்திரையை வெளியில், தள்ளுவண்டிலுக்குள் கொள்வது வழக்கம். பனிக்காலத்திலும் அப்படித்தான். இதை முதன்முதலாகக் கண்ட அன்று என் கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடிவிட்டார். "பிள்ளையை வெளியிலை போட்டு வைச்சிருக்கினம், இதென்ன நியாயம்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். பிறகு பழகிக்கொண்டோம். ஊரோடு ஒத்துப்போகத்தானே வேண்டும். பிள்ளையும் உள்ளே கொள்ளாத நித்திரையை வெளியே கொண்டாள். கிர்ஸ்டன் அம்மையார் வீட்டின் பின்புறத்தில், சமைக்கும் குசினியின் யன்னலால் பார்த்தால் தெரியும்படி, நாலு வண்டில்களும் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு மேலே வெள்ளைத் தண்டும் தொங்கும் கிளையுமாக ஒரு பேர்ச் மரம். அம்மையாரின் கலியாணத்துக்கு நட்டதாம். பார்க்க நல்ல வடிவான மரம். அதை வெட்டும்படி நான் கேட்கவில்லை என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். எமது தெருவின் பெயரும் பேர்ச் மரத் தெருதான், தெரு முழுக்க அதே மரம்தான். எத்தனையை வெட்டுவது?

3. இந்த வருடச் சித்திரையில், அதாவது ஏப்ரலில், வெயில் வந்தது. அம்மாத நடுப்பகுதியிலிருந்து மிதுலாவின் கண்கள் இரண்டும் சிவந்து, நீர் வடிந்து, இமை தடித்துப் போயின. மூக்கும் நிற்காமல் ஓடியது. சளித் தடிமன் என்று நினைத்தேன், காய்ச்சல் இல்லை. இஷொய் நகரில் இருக்கும் என் மச்சாள் தங்கராணி தொலைபேசியில் கேட்டுவிட்டு, "உது நாவூறுதான் பிள்ளை. செத்தல் மிளகாய் சுத்தி அடுப்பிலை போடு" என்றார். போட்டேன். அந்தப் புகையில் பிள்ளைக்கு இன்னும் கண் எரிந்தது, எனக்கும் எரிந்தது, மேல் வீட்டு டெனிஸ்காரக் கிழவரும் இருமிக்கொண்டு இறங்கி வந்தார், புகை மணி ஊரைக் கூட்டியது. அதோடு அந்த வைத்தியத்தை விட்டுவிட்டேன். வெயில் பட்டால் சரிவரும் என்று பிள்ளையின் தலையணை, போர்வை, உடுப்பு எல்லாவற்றையும் வெளிக் கொடியில் காயப் போட்டேன். ஆறு மாதம் சூரியனைக் காணாதிருந்துவிட்டு ஒரு நாள் கண்டால் மட்டக்களப்பார் வீட்டையே கொடியில் போட்டுவிடுவோம். அது இன்னும் கேடாக முடிந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

4. அதே நாட்களில் எமது நாட்டில் போர் கடைசிக் கட்டத்தில் இருந்தது. தங்கள் நாட்டுத் தொலைக்காட்சியிலும் ஓரிரு நிமிடம் காட்டினார்கள். எமது வீட்டில் அது நாள் முழுதும் ஓடியது. என் கணவரின் சித்தப்பா குடும்பம் வன்னியில் இருந்தது. கிளிநொச்சிப் பக்கம் கலியாணம் செய்து போன என் கணவரின் சொந்தத் தம்பி சுகந்தனும் அங்கேதான். ஒரு காலை பிள்ளையை விடப் போனபோது கிர்ஸ்டன் அம்மையார் "எப்படி இருக்கிறாய்?" என்று சும்மாதான் கேட்டார். அந்த வாசற் படலையிலேயே நின்று அழுதுவிட்டேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு என் கண்ணைப் பார்த்தார். இடுப்பில் இருந்த பிள்ளையின் கண்ணையும் பார்த்தார். இரண்டும் ஒரே சிவப்பு. அவர் என்ன நினைத்திருப்பார்? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன். அன்றே அவர் தங்கள் பிரிவுக்கு அக்கறை அறிக்கை ஒன்றை அனுப்பினார்: பிள்ளையின் கண் எப்போதும் அழுது சிவந்திருக்கிறது, நித்திரையால் எழும்பும்போது அழுகிறது, அப்பிள் துண்டும் பச்சைக் கரட்டும் கொடுத்தால் துப்பிவிட்டு வாயைப் பொத்துகிறது, வீட்டுத் துக்கம் பிள்ளையைப் பாதிக்கிறது என்று.

5. தங்கள் அலுவலர் அம்மையார் எங்களைக் கூப்பிட்டுக் கதைத்தார். மிகவும் மென்மையாகத்தான் கதைத்தார், மேசையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டியும் ஆயத்தமாக இருந்தது. வீட்டில் அழுகிறீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன். பொய் சொல்ல எனக்கென்ன விசரா? பிள்ளைக்கு முன்னாலா என்று கேட்டார். எங்களுடையது இரண்டு அறை வீடு, முன்னால் பின்னால் என்று பிரிக்க இடமில்லை என்றேன். பிள்ளை ஓடி விளையாடுகிறாள், சிரிக்கிறாள், சோறு தின்கிறாள், எங்கள் சோகம் அவளுக்கு இன்னும் விளங்காது, கண் மட்டும்தான் இப்படிக் கிடக்கிறது என்று அதற்கு மேலும் நிறையச் சொன்னேன். மொழிபெயர்க்க வந்திருந்த மகேந்திரராசா அண்ணை எல்லாவற்றையும் சேர்த்து டெனிஸில் "யா", அதாவது ஆம், என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அன்று அவருடைய கண்ணும் எங்களுடையதைப் போலத்தான் இருந்தது.

6. அலுவலர் அம்மையார் தொலைக்காட்சியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். என் கணவர் வேலை முடிந்து வந்து காருக்குள் இருந்து தொலைபேசியில் செய்தி கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். வீடு கோயில் போல அமைதியாகக் கிடந்தது. பிள்ளையின் கண் மாறவில்லை.

7. இனிச் சொல்லப்போவதைத் தங்களுக்கு விளங்கப்படுத்துவது கொஞ்சம் கஷ்டம். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சொந்தத்தில் ஒருவர் இறந்த செய்தி வந்தால், எந்த நேரமானாலும், வீட்டிலுள்ள எல்லோரும் தலையில் தண்ணீர் ஊற்றி முழுக வேண்டும். குழந்தையும் முழுக வேண்டும். போட்டிருந்த உடுப்பு, படுத்த விரிப்பு எல்லாம் கழுவ வேண்டும். மற்றப்படி நாங்கள் பின்னேரத்தில் பிள்ளைகளுக்குத் தலைக்கு வார்ப்பதே இல்லை. சளி பிடிக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. சித்திரைக் கடைசியில் சித்தப்பா இறந்த செய்தி வந்தது. அன்று பின்னேரம் மூவரும் முழுகினோம். மிதுலாவுக்கும் வார்த்தேன். அவள் "நைய், நைய்" என்று குளியலறையே அதிரக் கத்தினாள். அடுத்த நாள் காலை எழும்பியபோது அவள் கண்கள் பளிச்சென்று வெளுத்திருந்தன. கிர்ஸ்டன் அம்மையார் அவளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு என்னிடம் சொன்னார்: "நேற்று உங்கள் வீட்டில் நல்ல நாளாக இருந்திருக்க வேண்டும்." வேலைக்குப் போய் மருந்து அறைக்குள் நின்று அழுதேன்.

8. சில நாட்களில் கண் மறுபடி சிவந்தது. வைகாசித் தொடக்கத்தில் சித்தப்பாவின் மகளும் போய்விட்டாள் என்று செய்தி வந்தது. மறுபடி முழுகினோம். மறுபடி காலையில் கண் வெளுத்தது. தொலைக்காட்சியை நிறுத்தியதன் பலன் தெரிகிறது என்று தங்கள் அலுவலர் அம்மையார் தொலைபேசியில் என்னைப் பாராட்டினார். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தால் காகம்தான் விழுத்தியது என்று சொல்வது இதைத்தான் ஐயா. எங்கள் வீட்டில் மிக மோசமான இரண்டு நாட்களுக்கும் அடுத்த நாட்களில்தான் என் பிள்ளையின் கண் நன்றாக இருந்தது. அதற்குப் பாராட்டும் வாங்கினேன்.

9. பிறகு போர் முடிந்துவிட்டது என்றார்கள். அதற்குப் பின் எங்களுக்கு ஒரு செய்தியும் வரவில்லை. சுகந்தன் இருக்கிறானா, எந்த முகாமில், யாரோடு, ஒன்றும் தெரியாது. செய்தி இல்லாததால் முழுக்கும் இல்லை. அந்த வாரம் வெயிலும் காற்றும் ஒன்றாக வந்தன. மிதுலாவின் கண்கள் பனங்காய் போல வீங்கின. போர் முடிந்த பிறகும் பிள்ளை இப்படி இருக்கிறதென்றால் பாதிப்பு ஆழமானது என்று தங்கள் அலுவலர் அம்மையார் முடிவுக்கு வந்தார். கிர்ஸ்டன் அம்மையாரிடமிருந்து எடுத்து, மறு ஊரில் உள்ள விசேட கவனிப்பு நிலையத்துக்கு மாற்றுவது நல்லது என்று கடிதம் வந்தது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதென்று எங்கள் மொழியில் சொல்வார்கள். இதுதான் அது.

10. அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் அன்று பின்னேரம் பிள்ளையைக் கூட்டப் போனேன். கிர்ஸ்டன் அம்மையார் ஈரத் துணியால் தள்ளுவண்டில்களின் கறுப்பு மூடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். துணி மஞ்சளாகியிருந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் இதே தொல்லைதான், மரம் தூள் கொட்டுகிறது என்று அலுத்துக்கொண்டார். நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். மஞ்சள்தூள் விரலில் பட்டால் எங்கள் பெண்களுக்குத் தெரியாமல் போகாது; இது கறிக்கு உதவாத மஞ்சள். பிள்ளையைத் தூக்கித் தலைமயிரைக் கோதினேன். விரலில் அதே தூள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. முழுகின நாளில் தூள் போயிருக்கிறது, கண் வெளுத்திருக்கிறது. முழுகாத நாளில் அந்தத் தலையைத் தலையணையில் வைத்து இரவு முழுக்கத் தேய்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அட கடவுளே, என்று வாய்விட்டுச் சொன்னேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

11. குடும்ப வைத்தியர் ஒவ்வாமை வைத்தியரிடம் அனுப்பினார். அவர் மிதுலாவின் முதுகில் சிறு சிறு துளிகளாக வைத்துக் குத்திப் பார்த்தார். நாய், பூனை, புல், தூசு எல்லாம் சும்மா இருந்தன. பேர்ச் துளி வைத்த இடம் மட்டும் பெரிய நுளம்பு கடித்தது போலத் தடித்தது. அப்பிளும் கரட்டும் பச்சையாகத் தின்றால் சில பேர்ச் ஒவ்வாமைக்காரருக்கு வாய் கடிக்குமாம், அதாவது அரிக்குமாம். அவித்துக் கொடுத்தால் ஒன்றும் செய்யாதாம். பிள்ளை துப்பியது துக்கத்தால் அல்ல, ஐயா, கடியால். இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கடிக்கிறது என்று சொல்லத் தெரியாது. "நைய்" என்றுதான் சொல்லத் தெரியும். அதை அவள் ஒழுங்காகச் சொல்லித்தான் இருக்கிறாள்.

12. வைத்தியர் சொன்னவை எல்லாவற்றையும் வீட்டில் செய்கிறோம். உடுப்பும் விரிப்பும் இப்போது தூள் ஒட்டாமல் உள்ளேதான் காய்கின்றன, வரவேற்பறையில் சேலை வெளுக்கிறவர் வீடு மாதிரிக் கயிறு கட்டியிருக்கிறேன். பகலில் யன்னல் பூட்டு. வெளியே போனால் மஞ்சள் தொப்பி. காலையில் பாணி மருந்து. அதை அவள் விரும்பிக் குடிக்கிறாள், அதுவே ஒரு பயம். கண்ணுக்குத் துளி மருந்து விடுவதுதான் பெரும்பாடு. ஓடுகிற கோழியைப் பிடித்துக் குளிப்பாட்டுவது இதைவிடச் சுகம். கடைசியில் ஒரு வழி பிடித்தோம். மல்லாக்கப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, மூடிய கண்ணின் மூலையில் ஒரு துளி விட்டுவிட்டு, "கிசி எங்கை?" என்று கேட்டால் உடனே கண்ணைத் திறந்து தேடுவாள். துளி தானாக உள்ளே போய்விடும். கிர்ஸ்டன் அம்மையாரின் பெயரும் இதில் மருந்தின் ஒரு பகுதி என்பதைக் கவனத்தில் எடுக்க வேண்டுகிறேன்.

13. ஆனால் வைத்தியர் சொன்ன முக்கியமான காரியம் ஒன்று: பேர்ச் பூக்கும் காலம் முழுதும் ஒவ்வொரு பின்னேரமும், படுக்க முன், தலைக்கு வார்க்க வேண்டும். இதற்கு என் கணவர் சம்மதிக்கவில்லை. என்னை ஒருநாளும் அதட்டாத மனிதர் குளியலறை வாசலில் வந்து நின்று, "செய்தி வராமல் பின்னேரத்திலை பிள்ளையின்ரை தலையிலை தண்ணி வாக்காதை, மலர். சுகந்தன் இருக்கிறான்" என்றார். ஒருவர் உயிரோடு இருக்கும்போது அவருக்காக முழுகுவதைப் போல ஒரு பாவம் எங்களிடம் இல்லை. ஒரு பக்கம் வைத்தியர், மறுபக்கம் தம்பி, நடுவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உடுப்பில்லாமல் நிற்கிறாள் பிள்ளை. இரண்டு நாள் பின்னேரத்தில் தலைக்கு வார்க்காமலே படுக்க வைத்தோம். அந்த இரண்டு நாளும் பிள்ளை இமை ஒட்டிப்போய்த்தான் எழும்பினாள்.

14. மூன்றாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. இழவுக்கு முழுகுகிறவர்கள் எண்ணெய் வைப்பதில்லை. எண்ணெய் வைத்து முழுகுவது தீபாவளிக்கும் நல்ல காரியத்துக்கும்தான். ஆகவே முதலில் மிதுலாவின் உச்சியில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் வைத்தேன். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது நல்ல முழுக்குத்தான், பாருங்கோ" என்றேன். அவர் பிள்ளையின் உச்சியை மணந்து பார்த்தார். பிறகு அவரே கையைச் சுருட்டிக்கொண்டு வந்து தண்ணீர் வார்த்தார். பின்னேரத்தில் எண்ணெய் முழுக்கு எங்கள் சாத்திரத்தில் இல்லை. சாத்திரம் எழுதினவர்கள் பேர்ச் மரத்தைக் கண்டவர்களும் இல்லை. அன்றிலிருந்து தினமும் எண்ணெய், தினமும் முழுக்கு, தினமும் சவுக்காரத்தோடு ஒரு சண்டை. எண்ணெய் முழுவதும் போவதில்லை, உச்சியில் கொஞ்சம் மணக்கத்தான் செய்யும். கண் முக்கால்வாசி வெளுத்துவிட்டது. மிச்சக் கால்வாசி மத்தியானத்தில் அந்த மரத்தின் கீழ் சேர்வது.

15. வைத்தியரின் கடிதத்தைத் தங்கள் பிரிவில் கொடுத்தேன். கடிதம் பிள்ளையின் கோப்புக் கோவையில் சேர்க்கப்பட்டது, மாற்றும் யோசனை அப்படியே இருக்கிறது என்று பதில் வந்தது. கூடவே ஒரு புதுக் குறிப்பும்: பிள்ளையின் தலை அண்மைக்காலமாக எண்ணெய்ப் பிசுக்கோடு மணக்கிறது, வீட்டில் குளிப்பாட்டுவது குறைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும் என்று. ஐயா! இந்த நோரலுண்டில் என் பிள்ளையைப் போலத் தினமும் தலைமுழுகும் பிள்ளை வேறு யாரும் இருந்தால் எனக்குக் காட்டுங்கள். கிர்ஸ்டன் அம்மையார் வண்டிலை வீட்டின் மறுபக்கம், கார்க் கொட்டிலுக்குள் வைக்கத் தாமாகவே முன்வந்தார். ஆனால் அங்கே குசினி யன்னலால் பார்க்க முடியாது, பார்க்க முடியாத இடத்தில் பிள்ளையைப் படுக்கவைக்கத் தங்கள் அனுமதி வேண்டும் என்கிறார். அனுமதி கேட்டும் பதில் இல்லை. வேறிடத்துக்குப் போகப்போகிற பிள்ளைதானே என்று விட்டுவிட்டார்கள் போலும்.

16. ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். பேர்ச் பூப்பது இன்னும் கொஞ்ச நாளில் தானாக நின்றுவிடும். அந்த நேரம் பார்த்துப் பிள்ளையை விசேட நிலையத்துக்கு மாற்றினால், அவள் கண் அங்கே தானாக வெளுக்கும். நிலையத்தால்தான் சுகம் வந்தது என்று கோவையில் எழுதப்படும். எல்லோருக்கும் சந்தோசம். அடுத்த சித்திரையில் மரம் மறுபடி பூக்கும், கண் மறுபடி சிவக்கும். அப்போது எந்தப் போரைக் காட்டுவீர்கள்? அதற்குள் என் பிள்ளை கிசியை மறந்திருப்பாள், பச்சை அப்பிளை யாரோ வாயில் திணித்திருப்பார்கள், நான் இன்னொரு அலுவலர் அம்மையாருக்கு முன்னால் இன்னொரு காகிதக் கைக்குட்டைப் பெட்டியோடு இருந்திருப்பேன். எங்கள் வீட்டில் துக்கம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. நிறைய இருக்கிறது. அது எங்கள் கண்ணில் இருக்கிறது. பிள்ளையின் கண்ணில் இருப்பது மரத்தூள். இந்த இரண்டையும் ஒரே கோவையில் ஒரே கயிற்றால் கட்ட வேண்டாம் என்று மன்றாடுகிறேன்.

17. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து, மிதுலாவை மாற்றும் யோசனையை நிறுத்திக் கிர்ஸ்டன் அம்மையாரிடமே இருக்க விட வேண்டும். வண்டிலைக் கார்க் கொட்டிலுக்குள் வைக்க அனுமதி தர வேண்டும். பார்வைக்குத் தேவையான குழந்தைக் கண்காணிப்புக் கருவியை நாங்களே வாங்கித் தருகிறோம். அப்பிளும் கரட்டும் அவித்துக் கொடுக்கச் சொல்ல வேண்டும். எண்ணெய் பற்றிய குறிப்பைத் திருத்த வேண்டும். கிர்ஸ்டன் அம்மையார் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதையும், அவர் அறிக்கை எழுதியது என் பிள்ளை மீதுள்ள பட்சத்தால் என்பதையும் கோவையில் எழுத வேண்டும். இத்துடன் வைத்தியரின் கடிதத்தின் பிரதியையும், வண்டில் மூடியைத் துடைத்த துணியையும் பொலித்தீன் பையில் போட்டு இணைத்திருக்கிறேன். பையைத் திறப்பவருக்குத் தும்மல் வந்தால் அதையும் சாட்சியாக எடுத்துக்கொள்ளவும்.

18. கடைசியாக ஒரு சிறு விடயம். சுகந்தனைப் பற்றி இன்றுவரை ஒன்றும் தெரியாது. தெரியும்வரை எங்கள் வீட்டில் பிள்ளையின் உச்சியில் எண்ணெய் வைக்கப்படும். பேர்ச் பூத்து முடிந்தாலும் வைக்கப்படும்; என் கணவர் அதில் உறுதியாக இருக்கிறார், நானும் இருக்கிறேன். தலையணை உறையில் கறை பட்டால் கழுவித் தருவது என் பொறுப்பு. ஆனால் ஏதாவது ஒரு காலை மிதுலா எண்ணெய் மணக்காத தலையோடு, பளிச்சென்ற கண்ணோடு கிர்ஸ்டன் அம்மையார் வீட்டுப் படலையில் வந்து இறங்கினால், நேற்று உங்கள் வீட்டில் நல்ல நாள் என்று தயவுசெய்து எவரும் என்னிடம் சொல்ல வேண்டாம். கோவையிலும் ஒன்றும் எழுத வேண்டாம். பிள்ளையை வாங்கிக்கொண்டு, எனக்கு ஒரு கோப்பி ஊற்றித் தந்தால் போதும்.

தங்கள் அனுமதிக் கடிதத்தைத் தினமும் தபாற்பெட்டியில் தேடும்,

யோகமலர் கஜரூபன்
(ஒப்பம்)

இடம்: நோரலுண்ட்
திகதி: 03.06.2009